உங்க வீட்டுக்கு எத்தனை படி?

ரொம்ப நாளா இந்தப் பக்கம் தலைகாட்டல. ஆணி அதிகம். ஆனா போன வாரம் நண்பர் ஒருத்தர் எழுதின பதிவைப் படிச்சதுலேர்ந்து கை சும்மா இருக்க மாட்டேங்குது.

தாம்பரம், சேலையூர், குரோம்பேட்டை பக்கத்துல இருக்கற பழைய தனி வீடுகளை எல்லாம் இடிச்சுத் தள்ளிட்டு, பசுமைச் சான்றிதழோட அடுக்கு மாடியாக் கட்டினாத்தான் இந்தப் புறநகர் உருப்படும்ங்கறது அவரோட கட்சி. கூரையில சோலார், மாடியில தோட்டம், வாசல்ல எலெக்ட்ரிக் வண்டிக்கு சார்ஜர், அவ்வளவுதான், சுற்றுச்சூழல் காப்பாத்தப்பட்டாச்சு! பின்னூட்டத்துல பாதிப் பேர் "சூப்பர் தல"ன்னு கும்மி வேற.

நண்பர் கோவிச்சுக்கக் கூடாது. இதுல உள்குத்து எதுவும் இல்ல. நேர்க்குத்துதான்.

சோலாரையும் சான்றிதழையும் ஓரமா வச்சிட்டு ஒரே ஒரு கேள்விக்கு பதில் சொல்லுங்க. உங்க வீட்டுக்கு எத்தனை படி? ஏறணுமா, இறங்கணுமா?

எங்க வீடு கிழக்குத் தாம்பரம் பக்கம். அப்பா பி.எஃப். பணத்தையும் அம்மாவோட ரெட்டைவடச் சங்கிலியையும் போட்டு 1986-ல கட்டினது. அப்போ தெருவுலேர்ந்து வீட்டுக்கு மூணு படி ஏறணும். இன்னிக்கு ரெண்டு படி இறங்கணும். ஆக மொத்தம் அஞ்சு படி, ஏறத்தாழ ரெண்டரை அடி. வீடு ஒரு அங்குலம்கூட நகரல சாமி. தெருதான் வளர்ந்திருக்கு. முதல்ல ஜல்லி, அதுமேல தார், தார் பேந்ததும் அதுமேல இன்னொரு தார், நடுவுல குழாய் புதைக்கத் தோண்டி மூடினது, அதுமேல தார், கடைசியா சிமென்ட் ரோடு. ஒவ்வொரு தடவையும் "நம்ம தெருவுக்கு ரோடு வந்தாச்சு"ன்னு நாமளும் சந்தோஷமா வேடிக்கை பார்த்தோம். எங்க தெருவுல ரோடு போட்ட புண்ணியவான் பேர் எதுக்கு இங்கே, எல்லாத் தெருவுலயும் இதே கதைதான்.

இதைப் படிச்சிட்டு "ரோடு உயர்றதுக்கும் கட்டடக் கலைக்கும் என்னய்யா சம்பந்தம்?"னு கேப்பீங்க. எல்லா சம்பந்தமும் இருக்கு. ஒரு மேஸ்திரி வீடு கட்ட வந்தா முதல்ல எதைப் பார்ப்பார்? மட்டம். தெரு மட்டம் இது, தரைமட்டம் இதுக்கு மேல இவ்வளவு, கழிவுநீர்க் குழாய் இந்தச் சரிவுல போகணும், மழைத்தண்ணி இந்தப் பக்கம் வெளியேறணும். வீட்டோட உயிரே அந்த ஒரு கணக்குலதான் இருக்கு. அந்தக் கணக்கைப் பத்து வருஷத்துக்கு ஒரு தடவை கலைச்சிட்டே இருந்தா, லாரி பேக்கரே வந்து கட்டினாலும் அந்த வீடு நிக்காது.

இதுக்கு சட்டமோ ஆணையோ இல்லாமலா போச்சு? 2021 மே மாசம், அப்போ தலைமைச் செயலாளரா இருந்த இறையன்பு, பழைய சாலையைச் சுரண்டி எடுத்துட்டுத்தான் புதுசு போடணும், மட்டம் உயரக் கூடாதுன்னு எழுத்துபூர்வமா உத்தரவு போட்டார். 'மில்லிங்'னு சொல்லுவாங்க. பெரிய ராக்கெட் விஞ்ஞானம் இல்ல. இருக்கற தாரைச் சுரண்டி, அதே உயரத்துக்குத் திரும்பப் போடறது. சுரண்டின ஜல்லியைக்கூடத் திரும்பப் பயன்படுத்தலாம். என்னைக் கேட்டா, இந்த ஊர்ல போடப்பட்ட ஆகச்சிறந்த 'பசுமை' உத்தரவு அதுதான். அதுல சோலாரும் இல்ல, சான்றிதழும் இல்ல. அதனாலதானோ என்னவோ, யாரும் அதைப் பத்திப் பதிவு போடல.

சரி, ரோடு உயர்ந்துடுச்சு. அடுத்து என்ன நடக்குது?

பக்கத்து மனைக்காரர் தனி வீட்டை புரமோட்டர்கிட்ட கொடுக்கறார். புரமோட்டர் புத்திசாலி. ரோடு இன்னும் உயரும்னு அவருக்குத் தெரியும். அதனால மனை முழுக்க மூணு அடி கிராவல் கொட்டி மேடாக்கிடறார். கட்டடத்தைச் சுத்தி ஒரு ஜாண் மண் விடாம சிமென்ட் கல் பதிச்சுடறார். இப்போ அவர் மனையில விழற மழை எங்கே போகும்? என் வீட்டுக்கு. நான் கடன்பட்டு என் வீட்டை உயர்த்தினா? எனக்கு அந்தாண்ட இருக்கற, ரிட்டயர்ட் டீச்சர் அம்மா வீட்டுக்கு. அவங்க எங்கே போவாங்க?

ஜாக்கி வச்சு வீட்டை அப்படியே தூக்கறாங்களே, அதையும் விசாரிச்சேன். அஸ்திவாரத்துக்கு மேல சுவரை அறுத்து, வரிசையா ஜாக்கி நிறுத்தி, கொஞ்சம் கொஞ்சமாத் தூக்கி, அடியில செங்கல் வச்சுக் கட்டிடுவாங்க. வந்து பார்த்தவர் மூணு அடி தூக்கலாம்னார். "அதுக்கப்புறம் ரோடு மறுபடியும் உயர்ந்தா?"ன்னு கேட்டேன். "மறுபடியும் தூக்கலாம் சார்"னார் சிரிச்சுக்கிட்டே. ஒரு ஊர்ல வீட்டைத் தூக்கறது ஒரு தொழிலாவே வளருதுன்னா, அந்த ஊர்ல நகரத் திட்டம்னு ஒண்ணு செத்துப் போச்சுன்னு அர்த்தம்.

இப்போ கொஞ்சம் கணக்குப் பார்ப்போமா? (கணக்குன்னதும் ஓடாதீங்க, ரெண்டே பத்திதான்.)

சென்னைப் பக்கம் வருஷத்துக்குச் சராசரியா 140 செ.மீ. மழை. ஒரு கிரவுண்டு, அதாவது 2400 சதுர அடியில, ஒரு வருஷத்துல விழற தண்ணி 3 லட்சம் லிட்டருக்கு மேல. 12,000 லிட்டர் லாரிக் கணக்குல 26 லாரி. ஓசியில, வாசல்லயே வந்து கொட்டுது. அதை "போ போ"ன்னு தெருவுக்குத் துரத்திட்டு, ஏப்ரல் மாசம் லாரிக்காரருக்கு போன் போட்டுக் கெஞ்சறோம்.

2015 டிசம்பர் 2 காலையோட முடிஞ்ச 24 மணி நேரத்துல தாம்பரத்துல பதிவான மழை 49 செ.மீ. வருஷ மழையில மூணுல ஒரு பங்குக்கு மேல ஒரே நாள்ல. முடிச்சூர், வரதராஜபுரம் பக்கம் ஜனங்களைப் படகு வச்சு மீட்டாங்க. அதுக்கு மூணரை வருஷம் கழிச்சு, 2019 ஜூன்ல சென்னைக்குத் தண்ணி தர்ற ஏரிகள் எல்லாம் வறண்டு, ஜூலை 12-ம் தேதி ஜோலார்பேட்டையிலேர்ந்து 50 வேகன்ல 25 லட்சம் லிட்டர் ரயில்ல வந்தது. 25 லட்சம் லிட்டர்! பிரமாண்டமா இருக்கில்ல? எட்டு கிரவுண்டுல ஒரு வருஷம் விழற மழை அது. எட்டே எட்டு வீடு. எங்க தெருவுல அதைவிட அதிக வீடு இருக்கு.

வெள்ளமும் பஞ்சமும் ரெண்டு பிரச்சனை இல்லைங்க. ஒரே பிரச்சனையோட ரெண்டு முகம். தண்ணி நிக்க வேண்டிய இடத்துல அதை நிக்க விடல.

நிக்க வேண்டிய இடம்னா எது? தென்சென்னைப் புறநகரோட வரைபடத்தை எடுத்துப் பாருங்க. இது படிக்கட்டு மாதிரி அமைஞ்ச ஊர். சிட்லபாக்கம், ராஜகீழ்ப்பாக்கம் ஏரிகள் நிரம்பினா செம்பாக்கத்துக்கு, அங்கேருந்து நன்மங்கலம், கீழ்க்கட்டளை, நாராயணபுரம், கடைசியா பள்ளிக்கரணை சதுப்பு நிலம். ஏரிக்கு ஏரி கலங்கல், கலங்கலுக்கு ஒரு கால்வாய். இதைக் கட்டினவங்க எந்தச் சான்றிதழும் வாங்கல. பள்ளிக்கரணைக்கு 2022-ல 'ராம்சார்' அங்கீகாரம் கிடைச்சது. சந்தோஷம். ஆனா அதுக்குத் தண்ணி கொண்டு வர்ற படிக்கட்டை நாம என்ன பண்ணினோம்? பல்லாவரம் பெரிய ஏரியை 200 அடி ரேடியல் ரோடு ரெண்டாப் பிளந்துட்டுப் போகுது. மத்த ஏரிகளுக்கு நடுவுல இருக்கற கால்வாய்ல முக்கால்வாசி சாக்கடை. கீழே கடைசிப் படியை மட்டும் பளபளன்னு துடைச்சிட்டு மேல இருக்கற படியை எல்லாம் உடைச்சிட்டா எப்படி ஏறி இறங்கறது?

"அதான் மழைநீர் வடிகால் கட்டறாங்களே"ன்னு யாரோ முணுமுணுக்கறது கேக்குது. கட்டறாங்க. கான்கிரீட் பெட்டி. அடியும் கான்கிரீட், பக்கமும் கான்கிரீட், மேல மூடி. மண்ணைத் தொடாம தண்ணியைக் கடலுக்குக் கடத்தற ஏற்பாடு. வெள்ளம் வந்தா வேணும்தான், இல்லேங்கல. ஆனா அது மட்டுமே போதும்னு நினைக்கிறது, ஜுரம் வந்தா நெத்தியில ஈரத்துணி போட்டுட்டு வைத்தியம் முடிஞ்சதுன்னு சொல்ற மாதிரி.

நம்ம சிங்கப்பூர் பதிவர்கள் இதைப் படிச்சா பிஷான் - ஆங் மோ கியோ பூங்காவைப் பத்திச் சொல்லுங்கப்பா. காலாங் ஆறு அங்கே நேர்க்கோடு போட்ட கான்கிரீட் வாய்க்காலா 2.7 கி.மீ. ஓடிட்டு இருந்தது. அந்த கான்கிரீட்டைப் பேத்து எறிஞ்சிட்டு, வளைஞ்சு நெளிஞ்சு 3.2 கி.மீ. ஓடற மாதிரி புல்லும் செடியும் பாறையுமா மாத்தி 2012-ல திறந்தாங்க. சாதாரண நாள்ல கரையில உக்காந்து காத்து வாங்கலாம். பெருமழைன்னா பூங்காவே ஆறோட வயிறா மாறிடும். சிங்கப்பூர்ல கான்கிரீட்டை எடுக்கறாங்க, நாம இங்கே சிங்கப்பூர் ஆகணும்னு சொல்லி கான்கிரீட் போடறோம்!

நம்ம ஊர்ல நல்லதே நடக்கலன்னு சொன்னா நாக்கு அழுகிடும். 2019 கோடையில சிட்லபாக்கம் ஏரி காஞ்சு கிடந்தப்போ 'சிட்லபாக்கம் ரைசிங்'னு அந்த ஊர் ஜனங்களே வாராவாரம் மண்வெட்டியோட இறங்கினாங்க. ஐ.டி. பசங்க, ரிட்டயர்டு ஆளுங்க, குழந்தைங்க எல்லாரும். அந்த வருஷமே அரசு 25 கோடி ரூபாய் ஒதுக்கிச்சு. செம்பாக்கம் ஏரியில நேச்சர் கன்சர்வன்சி, கேர் எர்த் டிரஸ்ட், சென்னை ஐஐடி எல்லாம் சேர்ந்து தூர் வாரி ஆகாயத்தாமரையை எடுத்து வேலை பார்த்தாங்க. இதைத்தான் நான் நகரத்தைப் புதுப்பிக்கறதுன்னு சொல்லுவேன். ஆனா ஒண்ணு. ஏரி சீரமைப்புன்னா கரையில டைல்ஸ் நடைபாதை, கலர் லைட்டு, 'ஐ லவ்' போட்ட செல்ஃபி போர்டுன்னு ஒரு வியாதி எல்லா ஊர்லயும் பரவுது. ஏரிக்கு முதல்ல வேணும்கறது வரத்துக் கால்வாய், அதுல சாக்கடை கலக்காம ஒரு தடுப்பு. அதைச் செஞ்சிட்டு அப்புறம் லைட்டு போடுங்க, நானே வந்து செல்ஃபி எடுத்துக்கறேன்.

இனிமே கட்டடத்துக்கு வருவோம். நண்பரோட பசுமை அடுக்ககம்.

தாம்பரம் எப்படிப்பட்ட ஊர்னு நண்பருக்குத் தெரியுமா? நல்ல காத்துக்காகவே ஜனங்க வந்த ஊர் இது. 1928-ல டாக்டர் சௌரி முத்து காசநோய்க்காரங்களுக்கு இங்கே சானடோரியம் ஆரம்பிச்சார். மருந்து சரியா இல்லாத காலம். காத்தும் வெளிச்சமும்தான் வைத்தியம். ரயில்வே ஸ்டேஷனுக்குப் பேரே அதுதான். 1937-ல கிறிஸ்தவக் கல்லூரி ஜார்ஜ் டவுன்லேர்ந்து இங்கே வந்தது. 365 ஏக்கர்ல இன்னிக்கும் புதர்க்காடு இருக்கு. மே மாசம் ஜி.எஸ்.டி. ரோட்டுலேர்ந்து அந்த கேட்டுக்குள்ள நுழைஞ்சு பாருங்க, வித்தியாசம் உடம்புல தெரியும். உயரமான கூரை, நீளமான வராந்தா, எதிரெதிர் ஜன்னல், சுத்தி மரம். இந்த வெயிலுக்கு இதைத் தவிர வேற பெரிய சூத்திரம் இல்ல. அந்தக் காலத்து மெட்ராஸ் டெரஸ் வீடுகளும் இதேதான். நம்ம ஓ.எம்.ஆர். பக்கம் பாருங்க. மேற்கு வெயில்ல முழுக் கண்ணாடிச் சுவர் வச்சிட்டு, உள்ளே 22 டிகிரியில ஏ.சி. போட்டுட்டு, ரிசப்ஷன்ல பசுமைக் கேடயம். அட போங்கப்பா!

லாரி பேக்கர் கேரளாவுல செங்கல்லைக் குத்துக்கால் வச்சு நடுவுல காத்து இடைவெளி விட்டுக் கட்டினார். 'எலிப்பொறிக் கட்டு'ன்னு பேர். செங்கல் கால்வாசி மிச்சம், வீடும் சூடாகாது. அவர் சொல்லிட்டே இருந்த இன்னொரு விஷயம், இருக்கறதை வீணாக்காதேங்கறது. எங்க அப்பா கட்டின வீட்டோட செங்கல் 1986-லயே சூளையில வெந்தாச்சு. அதுக்கான விறகு எரிஞ்சு, புகை போய் முடிஞ்சாச்சு. அதை இடிச்சு ஏதோ ஒரு ஏரிக்கரையில கொட்டிட்டு (வேற எங்கே கொட்டறாங்க?), புதுசா சிமென்டும் கம்பியும் கொண்டு வந்து கட்டிட்டு, மேல பத்து சோலார் பலகையை வச்சா அது பசுமையா?

உடனே "உங்களுக்கு அப்பா கட்டின வீடு இருக்கு, பேசறீங்க. இல்லாதவன் எங்கே போறது?"ன்னு கேப்பீங்க. நியாயமான கேள்வி. இதுக்கு மழுப்பாம பதில் சொல்லணும். ஆமா, அடுக்கு மாடி வேணும். கடற்கரை - தாம்பரம் மின்சார ரயில் 1931-ல வந்தது. ஸ்டேஷனுக்கு நடந்து போற தூரத்துல நிறையப் பேர் குடியிருக்கறதுதான் நியாயம். எல்லாருக்கும் தனி வீடுன்னா செங்கல்பட்டு தாண்டி விழுப்புரம் வரைக்கும் வயலை எல்லாம் மனை போட வேண்டியதுதான். நான் எதிர்க்கறது மாடியை இல்ல. மாடிக்கு அடியில நடக்கறதை.

2019-ல வந்த கட்டட விதிகள்ல தளப்பரப்புக் குறியீட்டை 1.5-லேர்ந்து 2 ஆக்கினாங்க. அதே மனையில மூணுல ஒரு பங்கு கூடுதலாக் கட்டலாம். சரி. அந்தக் கூடுதல் லாபத்துக்குப் பதிலா தெருவுக்கு என்ன கிடைச்சது? திண்ணை இருந்த இடத்துல கார் நிறுத்தற தூண். கீழ்த்தளத்துல மனுஷ வாசனையே கிடையாது. முன்னாடி சாயங்காலம் வாசல்ல உக்காந்திருப்பாங்க, தெருவுல யார் போறா வர்றான்னு தெரியும். இப்போ கேட்டுக்குள்ள சி.சி.டி.வி. பார்த்துக்கிட்டு இருக்கு. ஸ்டேஷனுக்கு நடக்கற தூரத்துல வீட்டை வாங்கி, நடக்கப் பாதை இல்லாததால அதுக்கும் பைக்கை எடுக்கறோம். மேற்குத் தாம்பரம் சண்முகம் சாலையில சாயங்காலம் ஒரு தடவை குழந்தையைக் கையில பிடிச்சிட்டு நடந்து பாருங்க, புரியும்.

இவ்வளவு திட்டிட்டு நம்மளைத் திட்டலன்னா எப்படி? 2003-ல எல்லா வீட்டுக்கும் மழைநீர் சேகரிப்பு கட்டாயம்னு சட்டம் வந்தது. வந்த புதுசுல நிலத்தடி நீர் மட்டம் நல்லாவே ஏறிச்சு. அப்புறம்? என் வீட்டுக் குழியை நான் தூர் வாரினது போன வருஷம்தான், அதுவும் கொசு வருதுன்னு சம்சாரம் சத்தம் போட்டதுக்கப்புறம். வாசல் மண்ணா இருந்தா சகதி, சிமென்ட் போடு. வேப்பமரம் இலை கொட்டுது, வெட்டு. கார் ஏத்தணும், கால்வாய் மேல சாய்தளம் போடு. இதெல்லாம் எந்த அரசியல்வாதி வந்து செஞ்சான்? நானும் 2004-ல பின்கட்டு முழுக்க சிமென்ட் போட்டவன்தான். பத்து வருஷத்துல கிணறு வத்திச்சு. போன கோடையில அதை உடைச்சு மண்ணாக்கினேன். இந்த மழைக்கு அங்கே தண்ணி நிக்காம உள்ளே இறங்கறதைப் பார்த்துக்கிட்டே அரை மணி நேரம் நின்னேன்.

புரமோட்டர் இன்னும் வாராவாரம் போன் பண்றார். தம்பிக்கு அவன் பங்கு வேணும், அவன் கேக்கறதும் தப்பில்ல. கடைசியில நாங்களும் கொடுத்துடுவோமோ என்னவோ. அதனாலதான் சொல்றேன், இது நல்லவன் கெட்டவன் பிரச்சனை இல்ல. ரோடு உயர உயர, வீட்டைக் காப்பாத்தணும்னு நினைக்கிறவனும் கடைசியில இடிக்கத்தான் வேண்டியிருக்கும். முதல்ல அதை நிறுத்தணும்.

2021 நவம்பர்ல தாம்பரம், பல்லாவரம், பம்மல், அனகாபுத்தூர், செம்பாக்கம் நகராட்சிகளையும் சிட்லபாக்கம், மாடம்பாக்கம், பெருங்களத்தூர், பீர்க்கன்காரணை, திருநீர்மலை பேரூராட்சிகளையும் சேர்த்து ஒரே மாநகராட்சி ஆக்கினாங்க. 70 வார்டு. "அது அவங்க எல்லை"ன்னு சொல்லித் தப்பிக்கற வழி பாதி அடைஞ்சாச்சு. அதனால கேக்க வேண்டியதைக் கேட்போம். ஒவ்வொரு தெரு முனையிலயும் ஒரு கல் நட்டு, ரோடு மட்டம் இதுதான்னு கோடு போடுங்க. அதைத் தாண்டினா பில் கிடையாது. மனையில குறிப்பிட்ட பங்கு வெறும் மண்ணா இருந்தாத்தான் கட்டட அனுமதி. மனையை மேடாக்கினா, விழற தண்ணியை உள்ளேயே இறக்கணும், அடுத்த வீட்டுக்குத் தள்ளக் கூடாது. ஏரி வரத்துக் கால்வாய்களோட வரைபடத்தை வார்டு ஆபீஸ் சுவத்துல பெருசா ஒட்டுங்க. இதுல எதுக்கும் வெளிநாட்டுக் கடன் வேண்டாம்.

நாம என்ன செய்யலாம்? முன்னே எல்லாம் தொடர் பதிவுன்னு ஒண்ணு விளையாடுவோமே, ஞாபகம் இருக்கா? வாங்க, மறுபடி ஒரு தடவை. உங்க வீட்டு வாசலுக்கு ஒரு அளவுகோலோட போங்க. கட்டினப்போ எத்தனை படி, இப்போ எத்தனை படி, வருஷம் என்ன, தெருவுல எத்தனை தடவை ரோடு போட்டாங்க. போட்டோவோட எழுதுங்க. முதல் கணக்கு என்னோடது: 1986-ல மேலே மூணு, இப்போ கீழே ரெண்டு.

நண்பரைத்தான் முதல்ல கூப்பிடறேன். அவர் வீட்டுக்கு எத்தனை படி?

டிஸ்கி: அடுக்ககத்துல மூணாவது மாடியில இருக்கறவங்க "எங்களுக்கு லிஃப்ட் இருக்கே"ன்னு பின்னூட்டம் போட வேண்டாம். கீழே இறங்கி பக்கத்து வீட்டு வாசலைப் பார்த்துட்டு வந்து எழுதவும்.